தறி ஓடாத செவ்வாய்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட மாட்டேன், கரை வரைக்கும் கூட்டிப்போகிறேன்.

காஞ்சிபுரத்தில் காவேரி என்று ஒருத்தி. புருஷன் ஆனந்தகுமார் பட்டு நெய்கிறவன். கைநயம் உள்ளவன் என்று தெருவே சொல்லும். அந்தக் கை வீட்டுக்குள் செய்தது காவேரிக்கும் ஏழு வயது மகள் பிரியதர்ஷினிக்கும்தான் தெரியும். இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் பக்கத்தில் நிற்க, "தறிக்குழியில விழுந்துட்டேன்" என்றாள். ஒரு முறை போலீசுக்குப் போனாள். "ஒழுங்கா குடும்பம் நடத்துங்கப்பா" என்று அவனோடேயே சேர்த்து அனுப்பினார்கள். வீடு திரும்பியதும் அவள் மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது போலீசுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது யாருக்குமே தெரியாது. நிக்கத் என்ற பெண் வேலை பார்த்த தொண்டு நிறுவனம்தான் இவர்களை மாதம் ஒரு முறை ஒரே மேசையில் உட்கார வைத்தது. நர்ஸ் கிருஷ்ணம்மாள் தறிக்குழி என்று சொன்னதும் டீச்சர் நிமிர்ந்தாள். "கொழந்தை வேற மாதிரி சொல்லுதே!" ஏட்டம்மா பொன்னி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அன்றே திட்டம் போட்டார்கள். காவேரி கட்டு மாற்ற வருவாள். அவன் தறியில் இருப்பான். குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிக்கத் கூட்டி வருவாள். வாசலில் வேன் நிற்கும். எந்த நாள் என்பதைக் கட்டு மாற்றும் சீட்டில் கிருஷ்ணம்மாள் எழுதித் தருவாள். சீட்டில் இருக்கிற நாள்தான் கிளம்புகிற நாள் என்று காவேரியின் காதில் முன்பே சொல்லியிருந்தாள்.

அவன் எதிரிலேயே சீட்டை வாங்கிப் பார்த்தாள் காவேரி. வரும் செவ்வாய். அன்று அமாவாசை. அமாவாசையில் தறி ஓடாதே! நெசவு ஊரில் இருக்கிற நாலு பேர் கூடி நாள் குறித்தார்கள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவள் யாரிடம் சொல்வாள்?

செவ்வாய் காலையில் அவன் சட்டையை மாட்டினான். "இன்னிக்கு சும்மாதானே இருக்கேன். நானும் வரேன்."

ஆஸ்பத்திரியில் வாசலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தான். "ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுப்பா" என்று மட்டும் சொல்லிக் கிருஷ்ணம்மாள் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இன்னிக்கு அமாவாசைக்கா" என்றாள் காவேரி.

"அடிப்பாவி நான்! எங்க தெருவுலயும் காலைல இருந்து தறி சத்தமே இல்ல, எனக்கு உறைக்கலியே!" உடனே மூன்று பேருக்கும் போன் போட்டாள். வேன் பின்கேட்டுக்குத் திரும்பியது. பொன்னி சாதாரணப் புடவையில் வந்து அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

"கட்டு போட இவ்ளோ நேரமா?" என்றான் அவன்.

"நீ வேறப்பா. எங்க வூட்டுக்காரரு ஊசியப் பாத்தே மயங்கிட்டாரு. அவரை எழுப்பவே ஒரு மணி நேரம்."

அவன் சிரிக்கவில்லை. எழுந்து கதவைத் தட்டினான். "காவேரி!"

அறையின் பின்வாசலில், வேனுக்கு முன்னால் நின்றுவிட்டாள் காவேரி. "புள்ள வராம ஏறமாட்டேன்க்கா."

"காவேரி! இன்னாடி பண்ணிக்கினு இருக்கே?" கதவு அதிர்ந்தது.

"உட்காரு" என்றாள் பொன்னி.

"நீ யாரு சொல்றதுக்கு?"

"நான் ஏட்டு. உட்காருன்னேன்."

அவன் உட்கார்ந்த அந்த நிமிஷம், நிக்கத்தின் ஸ்கூட்டர் பின்கேட்டுக்குள் நுழைந்தது. முன்னால் பிரியதர்ஷினி, புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு.

ஊருக்கு வெளியே இருக்கிற தாமல் ஏரியை வேன் தாண்டும் வரை காவேரி சீட்டுக்குக் கீழேயே குந்தியிருந்தாள். மகளின் வாயைப் பொத்தியிருந்தாள். அந்தக் குழந்தை சத்தமே போடவில்லை, அழக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னமும் தாங்கவில்லை.

இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். கேஸ் நடக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டபிறகும் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறாள் காவேரி. காஞ்சிபுரத்து மேசையிலோ, இப்போதெல்லாம் எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பெண்ணையே கேட்காமல் நாள் குறிப்பதில்லை.

நீங்க நல்லா இருக்கணும் கண்ணுங்களா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உங்கள் வீட்டுக் குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளட்டும். ஒருத்தரும் ஒளிய வேண்டாம்.