அவரு பேருக்கு ஊதின மூச்சு

இந்த வாயால தான் என் கொழுந்தன் துஷாந்துகிட்ட சொன்னேன், "நீ போயி அண்ணனுக்காக ஊதிட்டு வா தம்பி"ன்னு. அதனால யாரையும் ஏசுறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா ஏசாமயும் இருக்க முடியல.

என் வீட்டுக்காரரு கந்தப்பன். நமுனுகுலப் பக்கம் எங்க தேயிலத் தோட்டத்து ஃபெக்டரியில பத்தொம்பது வருசமா தூள் சலிக்கிற வேல. தூசி மூக்கு, முடி, சோத்து டப்பா எல்லாத்துலயும் இருக்கும். மூணு வருசமா இருமல். எங்க லயத்து வீட்டுப் படி ஏழு ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவ நின்னு மூச்சு வாங்குவாரு. கேட்டா, "ஒன்னுமில்ல புள்ள, வயித்துல காத்து"ம்பாரு. ஆமா, பெரிய டொக்டரு!

அப்பத்தான் ஒரு நாள் காலையில வேல பிரிச்சுக் குடுக்குற பெரட்டுல கங்காணி சொன்னாரு, கெம்பஸ்ல இருந்து ஆளுங்க வாராங்க, ஃபெக்டரி ஆளுங்க எல்லாரும் ஒரு மெசினுல ஊதணும்னு. எதுக்குன்னு அந்த மனுசனுக்கும் தெரியாது. பொழுது சாயுறதுக்குள்ள லயம் பூரா கத கட்டிட்டாங்க. ஊத முடியாதவங்க பேர வெட்டிருவாங்களாம். பேரு போனா வேல போச்சு, குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

எங்க தோட்டத்துல ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்திக்கு மேலுக்கு முடியலன்னா, அவ தங்கச்சியோ நாத்தனாரோ அவ பேருல கொழுந்து பறிப்பா. அன்னைக்கு வேலைக்கு வந்ததாப் பேரு விழணும், அவ்வளவு தான். கங்காணியும் கண்டுக்க மாட்டாரு. நானே எத்தன நாள் அப்படிப் பறிச்சிருக்கேன்! இதுவும் அது மாதிரி தானேன்னு நெனச்சேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்.

துஷாந்துக்கு வயசு முப்பத்தொன்னு. வொலிபோல் ஆடுற ஒடம்பு, அண்ணன் சாடை. "வேணாம் விஜயா, தப்பு"ன்னாரு இவரு. "சும்மா இருங்க, புள்ளைங்கள ரோட்டுல விடவா?"ன்னு கத்தினேன். அடங்கிட்டாரு.

ஊத வச்சது இஸ்ராங்கிற பொண்ணு. பதுளை டவுன்ல துணிக்கட வச்சிருக்கிற பலீல் ஹாஜியார் மக. பௌதிகம் படிச்சிட்டு, மனுசன் மூச்ச அளக்குற ஆராய்ச்சி பண்ணுதாம். "நெஞ்சுக்குள்ள சின்னச் சின்னக் குழாய் ஈக்குது. அது சுருங்கினா காத்து மெதுவாத்தான் வெளிய வரும். அந்த வேகத்த அளந்தா, அறுத்துப் பாக்காமலே உள்ளுக்கு என்னன்னு வெளங்கும்"னு எல்லாருக்கும் சொல்லிச்சு. துஷாந்த் மூக்குல கிளிப்பு மாட்டி ஊதினான். திரையில கோடு விறுவிறுன்னு ஏறிச்சு. "மாஷா அல்லாஹ், கந்தப்பன் அண்ணா! நாப்பத்தாறு வயசுக்கு இப்படி நெஞ்சா?"ன்னு அது சிரிச்சிச்சு. சுத்தி நின்ன அத்தன பேருக்கும் ஆளு மாறினது தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஜன்னலுக்கு வெளிய நின்ன நானும் சிரிச்சேன். சண்டாளி.

ரெண்டு மாசத்துல இருமல் கூடிப்போச்சு. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க சரியான கூட்டம். டொக்டரு கெம்பஸ்காரங்க அனுப்பியிருந்த மூச்சு ரிப்போட்டப் பாத்தாரு. "நெஞ்சு நல்லா இருக்கே, கெஸ்ட்ரிக்கா இருக்கும்"னு குளிச தந்தாரு. ஐயா, அது இவரு மூச்சு இல்லன்னு அப்பவே சொல்லிருக்கணும். சொன்னா பொய்யி வெளிய வந்து பேரு போயிருமேன்னு பயம். இவரு என் மூஞ்சப் பாத்தாரு. நான் குளிசப் பையப் பாத்தேன்.

கார்த்திகை மழையில, பெரட்டுக்குப் போற வழியிலயே உக்காந்துட்டாரு. உதடு நீலம் பூத்திருச்சு. தோட்டத்து லொறியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்; பசறை ரோட்டுல பாதி தூரம் போகல, என் மடியிலயே மூச்சு நின்னு போச்சு.

கருமாதி முடிஞ்ச மறுவாரம் இஸ்ரா லயத்துக்கு வந்துச்சு. மூஞ்சி வீங்கியிருந்துச்சு.

"அக்கா, நாங்க அளந்ததுல ஆக நல்ல நெஞ்சு கந்தப்பன் அண்ணாடது தான். அவருக்கு எப்படி இப்படி ஆச்சு? மெசின் பிழையா, நான் பிழையா? ஒன்னும் வெளங்கல்ல."

அந்தப் புள்ள மேல பழி விழ விடலாமா? சொல்லிட்டேன். ஊதினது துஷாந்துன்னு.

"ஏன்க்கா?"

"ஊத முடியாதவங்க பேர வெட்டுவீங்கன்னு சொன்னாங்கம்மா."

கையில இருந்த பெட்டியக் கீழ வச்சிச்சு. "வெட்டவா? மூச்சுக் கொறஞ்ச பதினாறு பேருக்குத் தூசியில்லாத வேல கேட்டு வாங்கியிருக்கோம். மருந்தும் வந்திருச்சு. அதக் குடுக்கத்தான் இன்னைக்கு வந்தேன்."

அன்னைக்கே கீழ் லயத்து ரமேசு கையில இன்ஹேலரோட என் வாசலத் தாண்டிப் போனான். பின்னால அவன் பொண்டாட்டி அங்கம்மா. என்னப் பாத்துத் தலையக் குனிஞ்சிக்கிட்டா. அவன் ஊத முடியாமத் திணறின அன்னைக்கு, அவளக் கட்டிப்பிடிச்சி அழுதவ நான் தான். "ஒன் புருசனுக்காக ஊதுறதுக்கு ஒரு ஆள் இல்லாமப் போச்சேடி"ன்னு.