எட்டு முதல் ஒன்று வரை

பெட்டியை மூடுவதற்காக நான்கு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தையல்காரி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"ஒரு நிமிஷம் இருங்க. அவரு சட்டையில ஒரு பட்டன் இல்ல."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். மேலிருந்து மூன்றாவது பட்டன் இருந்த இடத்தில் இரண்டு நூல் பிசிறுதான் நீட்டிக்கொண்டிருந்தது.

"காலையில சட்டை போட்டுவிட்டப்போ இருந்துச்சே" என்றாள் நாத்தனார். இறந்தவருக்கு அவள் உடன்பிறந்த அக்கா. எந்தக் காரியமும் நேரத்துக்கு நடக்க வேண்டும் அவளுக்கு. "ஆறு பட்டனையும் நான்தான் போட்டேன்."

"எங்கயோ விழுந்திருக்கும் அண்ணி. அதுக்காக நெஞ்சு தெரிய அனுப்ப முடியுமா? தையல்காரி புருஷன் பட்டன் இல்லாம போனான்னு ஆயுசுக்கும் சொல்வாங்க."

பட்டன் எங்கேயும் விழவில்லை. அவள் கையிலிருந்த கைக்குட்டைக்குள் பத்திரமாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுகிற சாக்கில், நூல் வெட்டும் கத்திரியால் அவளே கத்தரித்து எடுத்தது. சாக்கு என்று சொல்வதும் நியாயமில்லை. அழுகையும் நிஜமாகத்தான் வந்தது, கூடவே வேலையும் நடந்தது.

அறையின் மூலையில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, கார் பந்தயம். அதை அணைக்கச் சொல்லி நாத்தனார் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள். திரையின் மேலே 'இன்னும் பன்னிரண்டு சுற்று' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஓடுகிற கார்களின் பட்டியல். அதில் கடைசி வரியில், இறந்தவர் வேலை பார்த்த அணியின் கார். தையல்காரியின் கண் அந்த ஒரு வரியை விட்டு நகரவில்லை. கார் நின்றுபோனால் அந்த வரி மங்கிவிடும்.

இறந்துபோனவரை எல்லோரும் பலகை என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தயம் நடக்கும்போது தடத்தின் ஓரச் சுவரில் நின்றுகொண்டு, இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்பதைப் பலகையில் மாட்டி, பறந்து போகிற ஓட்டுநருக்குக் காட்டுவதுதான் அவர் உத்தியோகம். பெரிய அணிகளில் இதற்கெல்லாம் ஆயிரம் வசதி உண்டு. இவர்களுடையதோ புது அணி, கத்துக்குட்டி அணி. சலவை மெஷின் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிதர் கடையை மூடிவிட்டு, ஒரு கொட்டகையில் முப்பது பேரை வைத்துக்கொண்டு, உலகத்திலேயே வேகமான கார்களோடு போட்டி போடக் கிளம்பிய அணி. அவர்களுடைய ரேடியோ பாதி நேரம் கரகரக்கும். பலகை மட்டும் ஒருநாளும் கரகரத்ததில்லை.

தையல்காரிக்கும் அணியில் வேலை இருந்தது. சட்டைகளில் விளம்பரக் கம்பெனிகளின் பெயரைத் தைப்பது. இரண்டு வருடத்தில் பதினொரு கம்பெனியைத் தைத்தாள், பதினொன்றையும் பிரித்தாள். இப்போது பெட்டிக்குள் அவர் போட்டிருந்த சட்டையின் நெஞ்சில் கூட, பிரித்த தையலின் ஊசித்துளைகள் வரிவரியாகத் தெரிந்தன.

இரண்டு வருடத்தில் முப்பத்தேழு பந்தயம் ஓடினார்கள். ஒன்றையும் முடிக்கவில்லை. ஒருமுறை தீப்பிடித்தது. ஒருமுறை சக்கரம் கழன்று காரை முந்திக்கொண்டு ஓடியது. அந்த அணியிலிருந்து ஒரு காரை முந்திய ஒரே பொருள் அந்தச் சக்கரம்தான் என்று பலகை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கு நடப்பது முப்பத்தெட்டாவது, இந்த வருடப் பந்தயப் பருவத்தின் கடைசி. இரண்டு பருவத்தில் ஒரு முறையாவது முடிவுக்கோட்டைத் தொடாத அணிக்கு அடுத்த வருடம் இடமில்லை என்பது விதி. ஜெயிக்க வேண்டாம், கடைசியாக வந்தாலே போதும். வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பயிற்சி ஓட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டே "டீ குடேன்" என்றார் பலகை. அவள் டீயோடு வருவதற்குள் போய்விட்டார். பலகைக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவர் இடத்தில் நிற்பது மகள்தான். தொலைதூரத்திலிருந்து போனில் அழுதுகொண்டே, "கிளம்பி வரட்டுமா அம்மா?" என்று கேட்டாள். "நீ வந்து எழுப்பினா எழுந்திருக்கப் போறாரா? ஞாயித்துக்கிழமை பலகைய யாரு பிடிப்பா? அங்கேயே இரு" என்று சொன்னவள் தையல்காரிதான். அன்றிலிருந்து நாத்தனார் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

தையல்காரி பட்டன் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். நாத்தனார் பொறுமையில்லாமல் தானும் உட்கார்ந்து தேடி, அரை நிமிடத்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது ரெண்டு ஓட்ட அண்ணி. சட்டையில இருக்கிறது நாலு ஓட்ட."

"இது?"

"இது வெள்ள. அது பால் வெள்ள."

"பெட்டிக்குள்ள யாரும்மா பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

வாசலில் நின்ற அமரர் வண்டி டிரைவர் எட்டிப் பார்த்தார். "அம்மா, நாலு மணிக்கு மயானத்துல இருக்கணும். விட்டா நம்ம நேரத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"இதோ ஆச்சு" என்று தையல்காரி பெட்டியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டைக்குள்ளிருந்த பட்டனைத் தேடிக் கண்டெடுத்தவள்போல் எடுத்துவைத்து, தைக்கத் தொடங்கினாள். ஊசி உள்ளே போனது, வெளியே வந்தது. அவள் முகம் மட்டும் டிவி பக்கம் திரும்பியிருந்தது. பதினொன்று. பத்து.

நாத்தனார் குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஊசியில நூலே இல்ல."

"தெரியும்."

நாத்தனாருக்குக் கோபம் தலைக்கேறியது. "என் தம்பி செத்துக் கெடக்கிறான். பெத்த பொண்ணு வரல. கட்டினவ கார் பாக்குறா. அவன் இந்தக் குடும்பத்துக்கு என்ன கொற வச்சான்?"

"ஒரு கொறையும் வைக்கல." தையல்காரி ஊசியை மடியில் வைத்தாள். "முப்பத்தேழு பந்தயம் அண்ணி, பாதி அங்க நின்னு, பாதி இந்த டிவியில. ஒண்ணுலகூட முடிவப் பாக்கல அவரு. இன்னும் பத்து சுத்துதான், ஒரு கால் மணி நேரம். பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கிறேன்."

நாத்தனார் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிலும் பட்டுக்கொள்ளாதவள்போல் உட்கார்ந்தாள்.

மூடியைப் பிடித்திருந்த நான்கு பேரில் ஒருவரான நட்டு அதைச் சுவரில் சாய்த்துவைத்தார். அணியின் பழைய மெக்கானிக், எப்போதும் சட்டைப்பையில் நாலைந்து நட்டு கிடக்கும், அதனால் அந்தப் பெயர். "தங்கச்சி, ஒம்பது வந்துருச்சு" என்றார். "நம்ம ஜாதகத்துல ஒம்பதத் தாண்டினதில்ல."

அப்போதுதான் போன் அடித்தது. மகள். பின்னால் கார்களின் இரைச்சல்.

"அம்மா, எட்டு எங்க? நம்பர் பெட்டியில ஒம்பதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

சுற்றுக்கு ஒன்றாக, முழு எண்ணையும் ஒரே தகரத்தில் எழுதி மாட்டுவது பலகையின் வழக்கம். இரண்டு இலக்கத்தைத் தனித்தனியாக மாட்டினால் நேரமாகும் என்பார். எழுபத்தெட்டிலிருந்து ஒன்று வரை எல்லாம் அவர் கையால் வண்ணம் அடித்தவை. இந்தப் பருவத் தொடக்கத்தில் மகளுக்காக இந்தத் தகரங்களைப் பெட்டியில் கட்டும்போது எடை கூடிப்போயிற்று. என்றைக்கும் வெளியே எடுக்காத கடைசி எட்டுத் தகரங்களை எதற்குச் சுமந்து போக வேண்டும் என்று தையல்காரிதான் உருவிவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. இதுவரை மகளும் கவனிக்கவில்லை, கவனிக்கிற கட்டம் ஒருநாளும் வரவில்லை.

"நான்தான் எடுத்து வச்சேன். தையல் மெஷினுக்குக் கீழ இருக்கு" என்றாள். "நீங்க அதுவரைக்கும் போவீங்கன்னு நான் நம்பல."

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். "நானும்தாம்மா நம்பல. இரு, ஒம்பதத் திருப்பி சாக்பீஸ்ல எழுதுறேன். கியர் வேற மக்கர் பண்ணுது, எத்தன சுத்துன்னு தெரிஞ்சாத்தான் ஓட்டுறவரு பாத்து ஓட்டுவாரு." போனை வைத்துவிட்டாள்.

தையல்காரி எழுந்து போய் மெஷினுக்கு அடியில் கையை விட்டாள். செய்தித்தாள் பொட்டலம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. பிரித்துப் பார்த்தாள். எட்டு மாதம் தரையில் கிடந்த தகரத்தில் பொட்டுத் துரு இல்லை. ஒவ்வொன்றும் எண்ணெய் தடவித் துடைத்திருந்தது, ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் அவளுடைய வெட்டுத்துணி வைத்திருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷன்.

அவள் எட்டை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியின் தலைமாட்டில் நின்று, டிவிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஏழு என்ற தகரத்தை நட்டு வாங்கிப் பிடித்தார். ஆறைப் பக்கத்து வீட்டு வாத்தியார் பிடித்தார். ஐந்தைப் பிடிக்க ஆள் தேடியபோது டிரைவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"உங்களுக்கு நேரமாகலையா?" என்றார் வாத்தியார்.

"ஆகுதுதான்" என்றார் டிரைவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "போன் பண்ணி டயர் பஞ்சர்னு சொல்லிட்டேன்."

நான்கு சுற்று பாக்கி என்றபோது அவர்கள் கார் முதல்முறையாகத் திரையில் வந்தது. பெரிய அணிக்காரர்கள் தாண்டிப் போகும்போதுதான் அதற்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும். இவர்கள் கார் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

"எதுக்கு இவ்வளவு மெதுவா போறான்?" என்றாள் நாத்தனார்.

"கியர் மாட்டிக்கிச்சு. ஒரே கியர்ல தள்ளிட்டுப் போறாரு" என்றார் நட்டு.

"தள்ளிட்டுப் போனா ஆகாதா? எறங்கித் தள்ளினாலும் கணக்குத்தானே?"

"எறங்கக் கூடாதும்மா."

"என்ன எழவு சட்டமோ" என்று சொல்லிவிட்டு, இருக்கிற இடத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. அது நட்டுவைத் தொற்றியது, டிரைவரைத் தொற்றியது. மூன்று என்ற தகரம் அவர்கள் கையில் குலுங்கியது. இரண்டைத் தையல்காரி பேசாமல் நாத்தனார் மடியில் வைத்தாள். நாத்தனார் அதை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, முழங்கையை மடக்காமல், இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அந்த அறையில் யாரும் அவ்வளவு நேராகப் பிடிக்கவில்லை.

கடைசிச் சுற்றில் முதலிடத்துக் கார் மறுபடி இவர்களைத் தாண்டியது. அதனால் கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. ஓரச் சுவருக்கு மேல் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பெண், கையில் பலகை, அதில் சாக்பீஸில் கோணல்மாணலாக ஒன்று. இரண்டு வினாடி இருக்கும். அவ்வளவுதான் காட்டினார்கள்.

"அவதான்" என்றாள் நாத்தனார். "அவன் நிக்கிற மாதிரியே நிக்கிறா."

பிறகு வெற்றி பெற்றவரைக் காட்டினார்கள், கட்டிப்பிடித்தலைக் காட்டினார்கள், யார் யாரையோ காட்டினார்கள். இவர்கள் காரைக் காட்டவில்லை. பட்டியலின் கடைசி வரி மட்டும் அப்படியே இருந்தது. தையல்காரி ஒன்று என்ற தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வரியைப் பார்த்தாள். அது மங்குமோ மங்குமோ என்று பார்த்தாள். மங்கவில்லை. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம்போட்ட கொடி வந்து உட்கார்ந்தது.

இருபத்திரண்டு கார் கிளம்பிய பந்தயத்தில் அவர்கள் பதினெட்டாவது, வந்து சேர்ந்தவர்களில் கடைசி. அந்தக் கடைசி இடத்துக்காக அந்த வீடு போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். வாசலில் அமரர் வண்டி நிற்கிறது, உள்ளே கைதட்டுகிறார்கள். நட்டு டிரைவரைத் தூக்கியே விட்டார். நாத்தனார் பெட்டியின் மேல் குனிந்து, "முடிச்சுட்டாங்கடா, டேய், முடிச்சுட்டாங்க" என்று தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஆரவாரம் அடங்கியதும் நட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, அந்த ஒண்ண அவரு கையோட வச்சு அனுப்பிடுவோமா?"

"வேணாம்ண்ணா, குடுங்க" என்றாள் தையல்காரி. எட்டுத் தகரங்களையும் வாங்கி, நடுவில் வெட்டுத்துணி வைத்து அடுக்கினாள். "அடுத்த வருஷம் வேணும்."

டிரைவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். நான்கு பேரும் மறுபடி மூடியைத் தூக்கினார்கள்.

"இருங்க" என்றாள் தையல்காரி. "பட்டன் தைக்கணும்."

இந்த முறை நூல்கண்டை எடுத்தாள். பால் வெள்ளை நூல். ஊசிக்காதில் கோக்கப் பார்த்தாள். ஒரு முறை தவறியது, இரண்டாம் முறையும் தவறியது. கண் முன்னால் ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு.

நாத்தனார் அவள் கையிலிருந்து ஊசியை வாங்கினாள். வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, நூல்முனையை நாக்கில் நனைத்து, கோத்து, அடியில் முடிச்சும் போட்டுக் கொடுத்தாள்.

"நேரம் கெடக்கு" என்றாள். "நீ நிதானமா தை."