சேராதவன் விலகுவது எப்படி

ஊர்க்கூட்டத்தில் டெல்பர்ட் வின்ச்சல் எழுந்து நின்றால், வீட்டுக்குப் போக அரை மணி நேரம் தாமதமாகும் என்று பொருள். புதிய தீயணைப்பு வண்டி வேண்டாம் என்றவர் அவர். நூலகத்துக்கு இரண்டாவது கழிப்பறை எதற்கு என்று கேட்டவரும் அவர்தான். ஊர்க் குப்பைக் கிடங்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மாசசூசெட்ஸின் மேற்கு மலைப்பக்கத்தில் எங்கள் நார்த் விண்டல் மாதிரி சிற்றூர்களுக்குக் குப்பை லாரி வருவதில்லை. சனிக்கிழமை காலையில் அவரவர் குப்பையை அவரவர் காரில் ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போக வேண்டும். அதனால் ஊரில் உள்ள தொள்ளாயிரம் வீடுகளும் வாரத்துக்கு ஒருமுறை டெல்பர்ட்டின் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பும்.

நான் ஊர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பெயர் விவியன். நாய் உரிமம், கல்யாணப் பதிவு, ஊர்க்கூட்டத்தில் ஓட்டு எண்ணுவது எல்லாம் என் பொறுப்பு. என் அறைக்கு அடுத்த அறையில்தான் மாதம் ஒருமுறை மின்சாரக் குழு கூடும். குழு என்றால் இரண்டே பேர். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மார்கரீட் டூமி தலைவர். லயோனல் பெக் உறுப்பினர். மார்கரீட் சுட்டுக்கொண்டுவரும் இஞ்சி பிஸ்கட்டுக்காக அவர் வருகிறார் என்பது ஊரறிந்த விஷயம். மூன்றாவது நாற்காலிக்கு ஆள் கிடைக்கவே இல்லை.

ஒரு மே மாதம், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில் மார்கரீட் தன் திட்டத்தைச் சொன்னார்.

"கம்பி அதே கம்பி. கம்பம் அதே கம்பம். பனியில லைன் அறுந்து விழுந்தா ஏறி வந்து சரிபண்றவங்களும் அதே ஆளுங்கதான். கரண்டை யார்கிட்ட வாங்குறோங்கிறது மட்டுந்தான் மாறுது. இப்ப ஒவ்வொரு வீடும் தனியா நின்னு, சொன்ன விலைக்குத் தலையாட்டுது. ஊரே ஒரே ஆளா போய் நின்னா பேரம் பேசலாம். காத்தாலையில இருந்தும் சோலார்ல இருந்தும் வர்ற பங்கு கூடுதலா வேணும்னு கேக்கலாம். பிடிக்காதவங்க எப்ப வேணா விலகிக்கலாம்."

டெல்பர்ட் எழுந்தார். லயோனல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காத்து நின்னுபோச்சுன்னா என் ஃப்ரீசர்ல இருக்கிற மான்கறி என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. கரண்டு பெரிய ஏரி மாதிரி. எந்த ஓடையில இருந்து அதுல தண்ணி விடணும்னு நாம பணம் கட்டுறோம், அவ்வளவுதான். உன் மான் உறைஞ்சேதான் கெடக்கும்."

"சரி. என் பேர்ல ஒண்ணு வாங்கணும்னா என்னைக் கேட்டுட்டுதானே வாங்கணும்? கேக்காமலே சேத்துப்பீங்களாம், வேணாம்னா நான் எழுதிக் குடுக்கணுமாம். இது எந்த ஊரு நியாயம்?"

இதற்குப் பல தலைகள் அசைந்தன. கேள்வி நியாயமானதுதான். மார்கரீட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மார்கரீட்டின் வேதியியல் நோட்டைப் பார்த்து எழுதித்தான் டெல்பர்ட் தேறினார் என்று ஒரு பேச்சும் உண்டு.

"டெல்பர்ட்டு, ஆகஸ்ட் மாசம் நீ என்ன பண்ற?"

"ஆகஸ்ட்ல என்ன?"

"உன் தெருவுல இருக்கிற இருபத்திரண்டு வீட்டுக்கும் சேத்து, குளிருக்கு லாரி லோடா விறகு எடுக்குற. ஏன்?"

"தனித்தனியா வாங்கினா மொட்டை அடிச்சிருவான்."

"உக்காரு."

கூடம் முழுக்கச் சிரித்தது. "விறகைக் கண்ணால பாக்கலாம்," என்று முணுமுணுத்தபடியே டெல்பர்ட் உட்கார்ந்தார். ஓட்டுக்காக உயர்த்திய ஆரஞ்சு அட்டைகளை எண்ணினேன். ஆதரவாக நூற்று முப்பத்தொன்று, எதிராக ஐம்பத்தெட்டு.

அதோடு முடிந்துவிடவில்லை. மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், எங்களுக்கு முன்னால் வேறு ஊர்கள் வரிசையில் நின்றன. மூன்று வருடம் போனது. மார்கரீட் ஒரு மாதம்கூட விடாமல் கூட்டம் நடத்தினார். லயோனல் இரண்டு பெல்ட் மாற்றினார்.

கடைசியில் ஓர் அக்டோபரில் வீடுவீடாகக் கடிதம் வந்தது. ஊருக்காகப் புது நிறுவனத்தோடு விலை பேசி முடித்தாயிற்று, விலக விரும்புகிறவர்கள் கூடவே உள்ள அட்டையில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று.

அடுத்த சனிக்கிழமை கிடங்கின் வாசலில் ஒரு ஒட்டுப்பலகை முளைத்தது. "உன்னைக் கேட்டார்களா? அட்டையைத் திருப்பி அனுப்பு" என்று கறுப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. மார்கரீட் தன் குப்பையைப் போட்டுவிட்டுப் பலகை முன்னால் காரை நிறுத்தி இறங்கினார். பிடுங்கி எறியப்போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை டெல்பர்ட் அலுவலகத்துக்கு வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிவப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஏம்மா விவியன், எனக்கு மட்டும் ஏன் அட்டை வரலை?"

"எல்லாருக்கும் அனுப்பியாச்சுன்னாங்களே."

"எல்லாருக்கும் வந்திருக்கு. லயோனலோட மாமியா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அவளுக்குக்கூட வந்திருக்கு. நான் விலகிரக் கூடாதுன்னே எனக்கு அனுப்பலை. இது மார்கரீட் வேலை."

நான் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். வின்ச்சல் என்ற பெயர் பட்டியலிலேயே இல்லை என்றார்கள். அதற்குள் சத்தம் கேட்டு, அடுத்த அறையில் குழுவின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த மார்கரீட் வந்து நின்றார்.

"உன் கரண்டு பில்லு வெச்சிருக்கியா?"

வாசலில் நின்ற அவர் லாரியில் இருந்தது. காப்பிக் கறை படிந்த பில்லை வாங்கி, மார்கரீட் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

விரல் காட்டிய இடத்தில் நாங்கள் யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. பக்கத்திலிருந்த விலை ஊரில் மற்றவர்கள் கட்டியதைப்போல ஒன்றரை மடங்கு.

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏழெட்டு வருஷம் முன்னாடி வீட்டுக்கு எவனாவது வந்து, பில்லக் குறைச்சுத் தர்றேன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினானா?"

"என் வீட்டு வாசல்ல எவனும் கால் வைக்க முடியாது. நாய் விடாது."

ஆனாலும் மனைவி ரோவீனாவுக்குப் போன் போட்டார். டெல்பர்ட்டுக்குக் காது சரியாகக் கேட்காததால் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"யாராவது கரண்டு விக்க வந்தாங்களா ரோவீனா?"

"அந்த நீலச் சட்டைக்காரரா?" என்றது போன். "நம்ம நாயை இந்த மாவட்டத்துலயே அழகான நாய்னு சொன்னாரே, அவர்தானே? நீதான் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்ச. ஆப்பிள் பை ரெண்டு துண்டு சாப்பிட்டாரு. போகும்போது ஒரு டார்ச் லைட்டு குடுத்தாரே. எதுக்குக் கேக்குற?"

டெல்பர்ட் போனை வைத்தார். சுவரில் இருந்த நாய் உரிம அறிவிப்பைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"சரி, அது போகட்டும். இப்ப நான் ஊர்த் திட்டத்துல இருந்து விலகணும். அதுக்கு வழி சொல்லு."

"விலக முடியாது," என்றார் மார்கரீட். "நீ சேரவே இல்லையே. வேற எவன்கிட்டயோ ஒப்பந்தம் போட்டவங்களை நாங்க சேத்துக்க முடியாது."

"அப்ப விலகுறதுக்காகச் சேரணுமா?"

"முதல்ல அவன்கிட்ட இருந்து வெளிய வா. வருஷக்கணக்கா உன்னை உரிச்சிருக்கான்."

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தோம். ஐம்பது நிமிடம் ஒரே பியானோ இசை. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இஞ்சி பிஸ்கட் சாப்பிட்டோம். கடைசியில் ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில் பேசினாள்.

"உங்களை மாதிரி மதிப்புக்குரிய வாடிக்கையாளர் போறது எங்களுக்கு வருத்தமா இருக்கு சார். இருந்தீங்கன்னா உங்களுக்குன்னே ஒரு பரிசு இருக்கு."

"என்ன பரிசு?" என்றார் டெல்பர்ட்.

மார்கரீட் போனைப் பிடுங்கினார். முப்பத்தைந்து வருடம் வகுப்பை அடக்கிய குரல் அது. நான்கே வாக்கியத்தில் ஒப்பந்தம் ரத்தாகி, அதற்கான எண்ணும் எங்கள் கைக்கு வந்துவிட்டது.

போனை வைத்த பிறகு டெல்பர்ட் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "சிரிக்கணும்னா சிரிச்சிரு மார்கரீட். சனிக்கிழமை வரைக்கும் அடக்கி வெச்சுக்காத."

மார்கரீட் சிரிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவின் மூடியை மூடித் திறந்து மறுபடியும் மூடினார்.

"நானும் போட்டேன்," என்றார்.

"என்ன போட்ட?"

"கையெழுத்து. என் சமையக்கட்டுலயே, என் பேனாவுலயே. அவன் சுவத்துல மாட்டியிருந்த ஆவர்த்தன அட்டவணையைப் பாத்துட்டு, வேதியியல்னா உயிருன்னான். பதினாலு மாசம் கழிச்சுதான் ரெண்டாம் பக்கத்தைப் பாத்தேன். அதுக்கப்புறந்தான் இந்தக் குழுவையே ஆரம்பிச்சேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீயும் சொல்லிராத."

டெல்பர்ட் அவரையே பார்த்தார். நான் எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு டார்ச்சாவது குடுத்தானா?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"கால்குலேட்டர் குடுத்தான்."

அந்தச் சனிக்கிழமை ஒட்டுப்பலகை திருப்பி நடப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தார்: "பில்லின் இரண்டாம் பக்கத்தைக் கொண்டு வா." ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் இறக்கச் சொல்லி, ரோவீனாவின் படிக்கும் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, பில்லை வாங்கிப் பார்த்தார். வரிசை தேவாலயம் வரை நின்றது. குப்பை போட வந்த அவசரத்தில் முனகியவர்களிடம், "நாய் அழகா இருக்குன்னு எவனாவது சொன்னானா?" என்று மட்டும் கேட்டார். முனகல் அடங்கிவிடும். மூன்று சனிக்கிழமைகளில் இப்படி ஏமாந்த நாற்பத்தொரு வீடுகள் அகப்பட்டன. லயோனல் வீடும் அதில் ஒன்று. ஆறு வருடம் மின்சாரக் குழுவில் இருந்தவர்.

"அப்ப இப்ப ஊர்த் திட்டத்துல சேரச் சொல்றீங்களா?" என்று லயோனல் கேட்டபோது டெல்பர்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எப்ப சேரச் சொன்னேன்? அவன்கிட்ட இருந்து வெளிய வான்னுதான் சொல்றேன். அப்புறம் சேருறது, சேராதது உன் இஷ்டம். ஆனா அவங்க ஊருக்கு எழுதி அனுப்பினதையாவது வாங்கிப் படி. ஒரு பக்கந்தான் இருக்கு. எப்ப வேணா வெளிய போலாம், அபராதம் இல்லன்னு போட்டிருக்கு. அந்தக் களவாணி அப்படியா எழுதியிருந்தான்?"

நாற்பத்தொரு வீடுகளில் முப்பத்தெட்டு ஊர்த் திட்டத்தில் சேர்ந்தன. மூன்று வருட ஓட்டத்தில் மார்கரீட்டால் சேர்க்க முடியாதவர்கள்.

ஜனவரி மாதம், முழங்கால் பனியில் பூட்ஸை உதறிக்கொண்டு டெல்பர்ட் என் மேஜைக்கு வந்தார்.

"சேருற ஃபாரம் குடும்மா."

"நீங்களா?"

"உள்ள இருக்கிறவனுக்குத்தானே வெளிய போற உரிமை இருக்கு. எனக்கு அந்த உரிமை வேணும்."

ஃபாரத்தைக் கொடுத்தேன். அதில் மூன்று வகை உண்டு. ஒன்று மலிவானது. ஒன்று ஊருக்குப் பொதுவாகப் பேசி முடித்தது. ஒன்று முழுக்க முழுக்கக் காற்றும் சூரியனும், விலையும் கொஞ்சம் கூடுதல். மூன்றையும் விளக்கினேன். அவர் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மார்கரீட் எதுல இருக்கா?"

"நூறு சதவீதத்துல."

"அதுக்கு மேல ஏதாவது இருக்கா?"

"நூறுக்கு மேல எப்படி இருக்கும் டெல்பர்ட்?"

"அப்ப அதையே போடு," என்று கையெழுத்திட்டார்.

மார்ச் மாதம் திட்டத்தில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வந்ததும் மார்கரீட் என் மேஜையிலேயே உட்கார்ந்து அதைப் படித்தார். கடைசிப் பக்கம் போய், மறுபடியும் ஒரு பக்கம் திரும்பி வந்தார்.

"விலை கூடுதல்னு அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்."

மார்கரீட் பட்டியலை மடித்துக் கோப்பில் வைத்தார். காலியாகக் கிடக்கும் மூன்றாவது நாற்காலிக்கு ஆள் நியமிக்க என்னென்ன நடைமுறை என்று கேட்டார். சொன்னேன். "கூட்டம் ரொம்ப நீளமாப் போகும்," என்று பெருமூச்சு விட்டுவிட்டு, விண்ணப்பம் எழுதக் காகிதம் கேட்டார்.