குழாயின் உள்தோல்

கரையில் நின்று பார்த்தால் எட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கிற புறாத்தீவு, எஞ்சின் நின்ற கணத்தில் வெகு தொலைவாகிப் போனது. வேகமாக வந்த படகு மூக்கைத் தாழ்த்தி, இரண்டு தரம் இருமி, அலையின் போக்கில் பக்கவாட்டாகத் திரும்பியது. அருளம்பலம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாலையூற்றிலிருந்து வந்து படகு எஞ்சின் திருத்துவதே அவருக்கு முப்பது வருடத் தொழில். ஆனால் நிலாவெளி ஹோட்டலின் இந்த உல்லாசப் படகில் ஏறிக் கடலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. எப்போதும் கரையில், தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் எஞ்சினை இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பார். பீப்பாவுக்குள் அது தையல் மெசின் மாதிரி ஓடும்.

"பாத்தீங்களா அண்ணே?" என்றான் படகோட்டி சஜீத். "பத்து நிமிசம் இழுத்து ஓடினா இதுதான். பம்ப்பத் தொட்டுப் பாருங்க. சப்பிப் போய் நிக்கிது."

டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே, பெற்றோல் போகும் ரப்பர்க் குழாயில் ஒரு சின்ன மாங்காய் அளவில் குமிழ் ஒன்று இருக்கும். ஓடத் தொடங்கும் முன் கையால் அமுக்கிப் பெற்றோலை இழுத்துவிடுகிற கைப்பம்ப் அது. அருளம்பலம் தொட்டுப் பார்த்தார். உறிஞ்சிப் போட்ட மாங்கொட்டையின் தோல் போல இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிப் போயிருந்தது. சஜீத் அதை நாலு தரம் அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தான். எஞ்சின் பிடித்தது. நாலு நிமிடம் ஓடி மறுபடியும் நின்றது.

சப்பிப் போய் நிக்கிது. இதே சொல்லை, இதே படகைப் பற்றி, அவர் முன்பும் ஒரு வாயிலிருந்து கேட்டிருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன், நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆனி மாதம். அப்போது இந்தப் படகை ஓட்டியவர் மஹ்ரூப். ஆறு வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. மஹ்ரூப் கயிற்றோடு தண்ணீரில் குதித்து, படகுக்கும் பாறைக்கும் இடையில் தன் உடம்பைக் கொடுத்து நின்றார். ஆறு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அருளம்பலத்தை எஞ்சின் பார்க்கக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்திய இரண்டு நாளும் அவர் ஐந்து லீற்றர் பெற்றோலுக்காகப் பட்டினத்தில் வெயிலில் நின்று, தன் முறை வந்தபோது முடிந்துவிட்டது என்ற பதிலோடு திரும்பியவர். அந்த மாதத்தில் பெற்றோல் தொட்ட கையெல்லாம் அவருக்குக் கள்ளக் கையாகவே தெரிந்தது. பில்டரைக் கழற்றிப் போத்தலில் ஊற்றினார். அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் நின்றது. எந்தப் படகின் பில்டரிலும் அவ்வளவு தண்ணீர் நிற்கும். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் போத்தலை மனேஜருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. பெற்றோலை எடுத்துப்போட்டுத் தண்ணி கலந்திருக்கு." அவ்வளவுதான் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டோடு வாசலில் குந்தியிருந்த மஹ்ரூப் அப்போதுதான் அதைச் சொன்னார்: "அண்ணே, பம்ப் சப்பிப் போய் நிண்டது. அதப் பாருங்க." அருளம்பலம் திரும்பியும் பார்க்கவில்லை. மஹ்ரூபை அன்றைக்கே நிறுத்தினார்கள். போத்தல் கதை அவருக்கு முன்னால் கரையெல்லாம் ஓடிப் போனது. வேறு எந்த ஹோட்டலும் அவரைச் சேர்க்கவில்லை.

அடிபட்ட படகு ஏறக்குறைய இரண்டு வருடம் கொட்டிலில் கிடந்தது. இந்த வைகாசியில்தான் மறுபடி கடலில் இறக்கினார்கள். இறக்கி மூன்றாம் கிழமை மனேஜர் சிந்துஜன் தொலைபேசியில், "அண்ணை, எஞ்சின் நிக்குதாம். சஜீத்தும் மஹ்ரூப்பின்ர வேலையைத் துவங்கிட்டான் போல," என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அருளம்பலத்தைப் பீப்பாவை விட்டுப் படகில் ஏற வைத்தது.

சஜீத் துடுப்பால் தள்ளித் தள்ளிக் கரை சேர்த்தான். அருளம்பலம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். பம்ப் சப்பினால், பெற்றோல் அதற்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்; வியாதி பம்புக்கும் டாங்கிக்கும் இடையில். முதலில் டாங்கி மூடியில் காற்றுப் போகிற துவாரத்தைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. டாங்கிக்குள் இறங்கும் குழலை எடுத்து அதன் நுனி வலையைக் கழுவினார். அதில் அழுக்கே இல்லை. பிறகு, தன்னுடைய கான் ஒன்றில் பெற்றோல் ஊற்றி, வேறு குழாயும் வேறு பம்பும் பூட்டி, சஜீத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனார். முக்கால் மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினார்கள். தீவைச் சுற்றி வந்தும் எஞ்சின் ஒரு தரம்கூட இருமவில்லை.

மிச்சம் இருந்தது டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே போகிற ஒரு பாக நீளக் குழாய்தான்.

அதைக் கழற்றிக் கையில் எடுத்ததும், இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பியால் முறுக்கிய கட்டு அவர் விரலில் பட்டது. அப்படி முறுக்குகிறவர் இந்தக் கரையில் அவர் ஒருவர்தான். மஹ்ரூப் அடிபட்ட அந்த வருடப் பங்குனியில் படகுக் குழாய் எங்கும் கிடைக்காமல், பட்டினத்து இரும்புக் கடையில் தண்ணீருக்கு விற்கிற குழாயை வாங்கிப் பூட்டியிருந்தார். இது பெற்றோலுக்குத் தாங்காது, நல்லது வந்ததும் மாற்றவேண்டும் என்று நினைத்திருந்தார். நினைத்ததோடு சரி.

பம்ப் பக்கத்து முனையில் வாயை வைத்து ஊதினார். காற்றுத் தாராளமாகப் போனது. டாங்கிப் பக்கத்தில் மெல்ல ஊதினார், போனது. பலமாக ஊதினார். நின்றுவிட்டது. கத்தியால் நீளத்துக்குக் கீறிப் பிரித்தார். உள்தோல் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. பெற்றோல் மெதுவாகப் போனால் அந்த நாக்கு படுத்துக் கிடக்கும். வேகமாக இழுத்தால் எழுந்து தொண்டையை அடைக்கும். பீப்பாவுக்குள் ஏன் ஒரு நாளும் பிடிபடவில்லை என்பதும் அதிலேயே இருந்தது.

"அண்ணே, அப்ப மஹ்ரூப் நானாவ நிப்பாட்டினது..." என்று தொடங்கினான் சஜீத். முடிக்கவில்லை. அருளம்பலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைத்த இருக்கையையே மறுபடி துடைக்கப் போனான்.

சிந்துஜன் கந்தோரில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு இருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை, கெட்டவனுமல்ல. கீறிய குழாயை மேசையில் வைத்து அருளம்பலம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் குழாயைத் தொடவில்லை.

"சரி அண்ணை. ஹோஸ் தேஞ்சு போச்சு, மாத்தினனான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. அவ்வளவு காணும்."

"தம்பி, மஹ்ரூப்..."

"அவர் போய் ரெண்டு வருசம். இப்ப இதை எழுதினா, அண்டைக்கு ஆர் அவரை நிப்பாட்டினது எண்டு கொழும்பில இருந்து என்னைக் கேப்பினம். நான் உங்களைக் காட்டோணும். நீங்கள்தானே போத்தல் காட்டினனீங்கள்?" அவன் குரலில் கோபம் இல்லை. "உங்களுக்கு இந்தக் கரையில பதினொரு ஹோட்டல் வேலை இருக்கு, அண்ணை. யோசியுங்கோ."

அருளம்பலம் யோசித்தார். வெகு நேரம் எடுக்கவில்லை. 'குழாய் தேய்மானம் காரணமாகப் பழுது. புதியது பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். குழாயை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, தெருவைக் கடந்து குச்சவெளி பஸ்ஸில் ஏறினார். எதற்கு ஏறினோம் என்று பஸ்ஸில் இருந்துதான் யோசித்தார். வழியெல்லாம் ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வாசலில் குந்தியிருந்தது தன் தெருவில் இருக்கிற, தன் சனத்தில் ஒரு கனகரத்தினமாக இருந்திருந்தால், குழாயைக் கழற்றிப் பார்த்திருப்பேனா? பதில் தெரியாது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தெரிந்துதான் இருந்தது.

மஹ்ரூபுக்கு இப்போது கடலோரக் களப்பில் இறாலுக்கு வலை வீசுகிற வேலை. மனைவி மைமூனாவின் ஊர் குச்சவெளிதான். களப்புக் கரையோடு ஒட்டிய வளவில் தகரக் கூரை வீடு. அருளம்பலம் போனபோது பின்னேரம் நாலு மணி. மஹ்ரூப் முற்றத்தில் வலையை விரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் எழும்பவில்லை. "இரிங்க," என்று கதிரையைக் காட்டினார்.

அருளம்பலம் இருக்கவில்லை. பையை அவிழ்த்துக் குழாயை நீட்டினார். எதிலிருந்து தொடங்குவது என்று பஸ்ஸில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நான் போட்ட ஹோஸ், மஹ்ரூப். உள்தோல் கழண்டு அடைச்சிருக்கு. உங்களில பிழையில்லை."

மஹ்ரூப் வாங்கிப் பார்த்தார். தொங்கிய நாக்கைப் பெருவிரலால் ஒரு தரம் தூக்கி விட்டார். படகு தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"நான் அண்டைக்கே சென்னனான் அண்ணே. பம்ப் சப்புது எண்டு."

"ஓம்."

"நீங்க கேக்கல்ல."

"ஓம்."

"ஹோட்டல்ல சென்னீங்களா?"

"சிந்துஜனிட்டச் சொன்னனான்." வெறும் பொலித்தீன் பையை மடித்தார். "கடிதத்தில தேய்மானம் எண்டுதான் எழுதினனான்."

மஹ்ரூப் சிரிப்பதுபோல மூச்சு விட்டார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "மைமூனா, இஞ்ச வா. இவர் செல்றதக் கேளு," என்று கூப்பிட்டார். மைமூனா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். "செல்லுங்க அண்ணே. எனக்கிட்டச் சென்ன மாதிரியே செல்லுங்க."

அருளம்பலம் சொன்னார். மனேஜரிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. அவள் குழாயைப் பார்க்கவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடையில பால்மாவே இல்லாத அந்த மாசம் இவர் ரெண்டு பெட்டி பால்மா கொண்டு வந்தவர்," என்றாள். "எங்கால எண்டு கேட்டன். ஒரு வெள்ளக்காரி தந்த எண்டார். பொறகு எல்லாரும் கள்ளன் எண்டு கதைக்கக்குள்ள, குர்ஆன்ல கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க எண்டு கேட்டன். பண்ணல்ல."

"எண்ட பொஞ்சாதிக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுக்கோணுமா?" மஹ்ரூப் வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இரண்டு வருடமாக எத்தனையோ தரம் சொல்லித் தேய்ந்த வசனம் போல, ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது.

மைமூனாவின் முகம் சிவந்தது. அவள் கோபம் புருஷனிடம் போகவில்லை. "ஊர் செல்லட்டும், ஹோட்டல் செல்லட்டும். அதெல்லாம் எனக்குப் பெரிசில்ல. நான் ரெண்டு வருசம் இந்த மனுசனோட கள்ளனோட இருக்கிற மாதிரித்தான் இருந்தனான். சோறு போட்டன், அவ்வளவுதான். இப்ப இதக் கொண்டு வந்து எனக்கிட்டத் தாறீங்க. இத வச்சு நான் என்ன செய்யிற, அண்ணே?"

அருளம்பலத்துக்கு மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அந்த முற்றத்தில் அதை வைக்க ஓர் இடம் தெரியவில்லை.

மஹ்ரூப் குழாயைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம நிலாவெளியில போட்காரங்கட சங்கக் கூட்டம் இருக்கி. எல்லாரும் வருவாங்க. ஹோட்டல் ஆக்களும் வருவாங்க. அங்க இத வச்சிச் செல்லுவீங்களா?"

பதினொரு ஹோட்டல் என்ற எண்ணிக்கை அருளம்பலத்தின் தலைக்குள் ஒரு தரம் ஓடியது. ஓடியது தன் முகத்திலும் தெரிந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. "சொல்லுறன்," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"வராட்டியும் பரவாயில்ல," என்றார் மஹ்ரூப். "ஆனா வாறன் எண்டு செல்லிப்போட்டு வராம இரிக்காதீங்க."

அவர் எழும்பி வலையைத் தோளில் போட்டுக்கொண்டார். இடது காலைச் சற்று வெளிப்பக்கமாக வைத்து, மணலில் இழுத்து இழுத்து நடந்து களப்புக்குள் இறங்கினார். மைமூனா கொஞ்ச நேரம் முற்றத்திலேயே நின்றாள். பிறகு வேலியில் தொங்கிய, இறால் போடுகிற பறியை எடுத்துக்கொண்டு, உடுத்த சேலையோடு தண்ணீருக்குள் போனாள். பத்தடி தள்ளி, அவருக்குப் பின்னால், முழங்காலளவு தண்ணீரில் பறியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மஹ்ரூப் திரும்பிப் பார்க்கவில்லை. வலை ஒரு தரம் வட்டமாக விரிந்து விழுந்தது. அவர் இழுத்தார், வெறும் பாசிதான் வந்தது. உதறிவிட்டு, இன்னும் இரண்டடி ஆழத்துக்குப் போனார். அவளும் இரண்டடி போனாள்.