ஒரு தொட்டி வெந்நீர்

லீலண்டுக்கு மூளை வேலை செய்ய என் மணிக்கட்டு உடைய வேண்டியிருந்தது.

ஓடை எங்கள் மரவீட்டுக்குக் கீழே, சரிவின் அடியில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதன் ஐஸைக் கோடரியால் கொத்தித் துளை போட்டு, இரண்டு வாளி மொண்டு, மேடேறி வர வேண்டும். குடிக்க, சமைக்க, அதோடு அவனுடைய பதினொரு நாய்களுக்கு மீன் கஞ்சி காய்ச்ச. நாய் பூட்டிய சறுக்குவண்டியை ஓட்டுவது அவன். தண்ணீர் சுமப்பது அவன் மனைவியாகிய நான். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு குழாய் போடச் சொன்னேன்.

"அலாஸ்காவுல குழாயா? உறைஞ்சு வெடிச்சிடும் நோரீன். அதெல்லாம் டவுன்காரங்க ஆசை" என்பான்.

என் ஆசை ஒன்றும் பெரிதல்ல. கழுத்துவரை வெந்நீரில் ஒரே ஒருமுறை உட்கார வேண்டும். அதற்கென்று ஒரு தகரத் தொட்டிகூட வாங்கி வெளிச்சுவரில் மாட்டி வைத்திருந்தேன். ஆனால் அவ்வளவு தண்ணீரையும் நானே அல்லவா சுமக்க வேண்டும்? ஒரு பேசின் தண்ணீரில் உடம்பைத் துடைத்து, அதிலேயே துணி அலசி, அதையே கொண்டு தரையும் துடைப்பேன். தொட்டி ஆணியில் தொங்கியபடியே துருப்பிடித்தது. அப்படிப் பதினாலு வருஷம்.

இந்த வருஷம் ஓடை உறைந்த கொஞ்ச நாளில் சரிவில் வழுக்கி விழுந்தேன். கையில் மாவுக்கட்டு. வாளிகள் அவனிடம் போயின. முதல் நாள் சீட்டியடித்துக்கொண்டு போனான். ஒரு வாரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! மறுநாளே ஃபேர்பேங்க்ஸ் டவுனுக்குப் போய் பம்ப், கறுப்புக் குழாய், பெரிய பீப்பாய் எல்லாம் வாங்கி வந்துவிட்டான்.

வேலை இரண்டே நாள்தான். பீப்பாயைப் பரணில், புகைபோக்கி ஓரமாக வைத்து, வீட்டுக்குள் தண்ணீர் பிடிக்க அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் இறக்கினான். பரணிலிருந்து ஓடைவரை கறுப்புக் குழாயை எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாகக் கட்டினான். பம்பைக் கயிற்றில் கட்டித் துளைக்குள் இறக்கினான். பீப்பாய் நிறைந்ததும் பம்பை நிறுத்திவிட்டு, குழாயின் அடியிலிருக்கும் திருகைத் திறந்துவிட வேண்டும். மிச்சத் தண்ணீர் முழுவதும் ஓடைக்கே இறங்கிவிடும். காலிக் குழாயில் உறைய என்ன இருக்கிறது? தண்ணீர் இறங்கும்போது பரணில் குழாயின் வாய் கொடகொடவென்று காற்றை இழுக்கும்.

"திருகுப் பக்கம் நீ போகாத. உனக்குப் புரியாது. குழாய் என் வேலை" என்றான்.

எங்கள் பக்கம் விருந்துக்கு வருகிறவன் தன் தண்ணீர்க் கேனோடு வருவதுதான் மரியாதை. குழாயைப் பார்க்க வந்த ஆர்வில் வேண்டுமென்றே வெறுங்கையோடு வந்தான். அவன் ஆற்றோரத்தில் இருப்பவன், லீலண்டின் கூட்டாளி.

"அடப்பாவி, திறந்தா தண்ணி கொட்டுதே! எப்படிடா தோணுச்சு உனக்கு?"

"தேவைன்னு வந்தா மூளை தானா ஓடும்டா."

"யாரோட தேவை?" என்றேன்.

"உனக்காகத்தான்! நீ கைய ஒடச்சுக்கிட்ட, நான் இன்ஜினீயர் ஆயிட்டேன்." இருவரும் சிரித்தார்கள்.

எனக்குத் தொட்டி நினைப்பு. இவன் கிளம்பட்டும், அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிடலாம் என்று காத்திருந்தேன். அப்போதுதான் ஆர்வில் ஆரம்பித்தான்.

"இவ்வளவு தண்ணி இருக்கே, என் நாய்ங்களையும் நீயே வச்சுக்கோயேன். நான்தான் டவுனுக்கே குடிபோறேனே. ஒன்பது இருக்கு."

லீலண்ட் பீப்பாயைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "இன்னிக்கே கூட்டிட்டு வந்துடலாம். மீன் ஊறப்போட வெளிய ஒரு தொட்டிகூட சும்மா தொங்குது."

"அது என் தொட்டி."

"இத்தனை வருஷமா அதுல நீ என்னத்தக் கிழிச்ச?"

ஆர்வில் சிரித்தான்; என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

லீலண்ட் அவசர அவசரமாகப் பம்பை ஓட்டிப் பீப்பாயை நிரப்பினான். பம்புக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை அணைத்தான். ஆர்வில் பனிவண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றான். ஓடிப்போய் ஏறிய லீலண்ட், "வீணாக்காத, நாய்ங்களுக்கு வேணும்!" என்று கத்திக்கொண்டே போனான்.

கொடகொட சத்தம் வரவில்லை.

வெளியே மைனஸ் நாற்பது. அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீருக்கு ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆயுள். திருகைத் திறக்க ஒரு கை போதும். எழுந்தேன், கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். சுவரிலிருந்து தொட்டியைக் கழற்றி உள்ளே இழுத்து வந்தேன்.

இருக்கிற பாத்திரத்தையெல்லாம் அடுப்பில் ஏற்றினேன். பீப்பாய்க் குழாயில் பிடிக்கப் பிடிக்க வந்துகொண்டே இருந்தது. மாவுக்கட்டுக் கையைத் தொட்டிக்கு வெளியே தொங்கவிட்டு, கழுத்துவரை முங்கி உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. கூடவே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் வேலை! தண்ணீர் ஆற ஆறக் கொட்டிவிட்டு, புதிதாகச் சுடவைத்து ஊற்றிக்கொண்டேன், பீப்பாயின் அடி தெரியும்வரை.

நாய்களோடு திரும்பிய லீலண்ட் காலிப் பீப்பாயைப் பார்த்துப் பம்பைப் போட்டான். உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. டார்ச்சோடு இறங்கிப் போய்ப் பார்த்தான். குழாய் முழுக்க ஐஸ். இரண்டு இடத்தில் பிளந்தும் இருந்தது.

"சத்தம் வரலைன்னு தெரிஞ்சிருக்குமே உனக்கு. ஏன் திருகத் திறக்கல?"

"எனக்குப் புரியாது. குழாய் உன் வேலை."

என் ஈரத்தலையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். வெளியே இருபது நாய்களும் பசியில் ஊளையிட்டன. வாளிகளையும் கோடரியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வசந்தம்வரை இனிக் குழாய் இல்லை. அடுத்த மாதம் மாவுக்கட்டை அவிழ்த்துவிடுவார்கள். அதன்பிறகு அந்த வாளிகள் என் கைக்குத்தான் வரும். முன்பு பதினொரு நாய்க்குச் சுமந்தேன், இனி இருபதுக்குச் சுமப்பேன். தொட்டியை ஆணியிலிருந்து கழற்றும்போதே இதெல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்தேதான் குளித்தேன்.