இருபத்திரண்டில் ஒட்டிய பொட்டு

என் இடது முன்கையில் ஒரு முடிகூடக் கிடையாது. ஐந்து வருடமாக அதில் லேசர் அடித்துக் காட்டித்தான் மெஷின் விற்கிறேன். டாக்டரானாலும் பார்லர் நடத்துபவரானாலும் முதலில் கேட்கும் கேள்வி, "சுடாதே?" என்பதுதான். உடனே சட்டைக் கையை மடக்கி, ஜெல் தடவி, நாலு அடி அடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

கண்ணுக்கு, மூலத்துக்கு, காலில் சுருண்ட நரம்புக்கு என்று எல்லாவற்றுக்கும் இப்போது லேசர் வந்துவிட்டது. ஆனால் எங்கள் கம்பெனியில் அதிகம் போவது முடி நீக்கும் மெஷின்தான். "மார்க்கெட் வளர்றது, நாம வளர வேண்டாமா?" என்று மீட்டிங்குக்கு மீட்டிங் கேட்பார் மேனேஜர் வெங்கட்ரமணன். மார்க்கெட் வளர்ந்தது உண்மை. தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸ் இருக்கும் தெருவிலேயே மூன்று ஸ்கின் கிளினிக். ஆனால் மெஷின் விற்கும் கம்பெனிகளும் கூடவே வளர்ந்துவிட்டன. மதுரைக்குள் மோதிப் பார்த்து ஓய்ந்ததும், "ஊரைச் சுத்தி இருக்கற பார்லர்களைப் பாரு" என்றார். டாக்டர் இருக்கும் இடத்தில்தான் விற்க வேண்டும் என்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. அது மெல்லக் காற்றில் போயிற்று. டார்கெட் மட்டும் போகவில்லை.

அப்படி விற்றதுதான் டி. கல்லுப்பட்டியில் தமிழ்வாணி நடத்தும் பார்லருக்கு. மூன்று வாரம் முன்பு நானே போய் மாட்டிக் கொடுத்தேன். இந்தத் திங்கட்கிழமை காலை வெங்கட்ரமணன் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"ஹரிராம், கல்லுப்பட்டியில ஒரு பொண்ணுக்குத் தாடை வெந்து போச்சாம். ஆத்துல இருக்கறவா போலீஸுக்குப் போறோம்ங்கறாளாம். நீ போய்ப் பாரு. ஆபரேட்டர் தப்புன்னு ரிப்போர்ட் எழுதி, அந்தப் பார்லர் அம்மா கையெழுத்தையும் வாங்கிண்டு வந்துடு."

"பாக்காமலே எப்படி சார்?"

"பாத்துட்டே எழுது. என்ன எழுதணும்னு சொன்னேன், அவ்வளவுதான்."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருமங்கலம் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். தூக்கம் இல்லை, அலுப்பு. நாற்பத்து மூன்று வயதில் இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற கணக்கை மனம் தானாகப் போட்டுக்கொண்டே வந்தது. மகள் இந்துப்ரியா பிளஸ் டூ. மனைவி ஸ்வப்னா, காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவள் கேட்காமல் இருந்தாலே எனக்குப் பயம்.

பார்லர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். தமிழ்வாணி எழுந்து நின்றாள். மூன்று வாரம் முன்பு ரிப்பன் கட்டி, சாக்லெட் கொடுத்து வரவேற்றவள். மூலை நாற்காலியில் மாஸ்க் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இதான் பவதாரிணிண்ணே. திருமங்கலத்துல ஜவுளிக்கடையில வேல பாக்குது. நம்ம மெஷினுக்கு இதுதான் மொதக் கஸ்டமர்" என்றாள் தமிழ்வாணி.

அந்தப் பெண் மாஸ்க்கைக் கழற்றினாள். தாடையின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கறுத்துப் போயிருந்தது. சில இடத்தில் பொருக்கு. வரிசை தப்பாமல் அடித்திருந்தாள் தமிழ்வாணி. நான் சொல்லிக் கொடுத்தபடியே.

"பள்ளிக்கூடத்துல இருந்தே தாடி மாதிரி வளருது சார்" என்றாள் பவதாரிணி. "வாரா வாரம் நூல் போட்டு எடுப்பேன். துப்பட்டாவ இழுத்து மூடிக்கிட்டேதான் பில்லு போடுவேன். இது செஞ்சுட்டா மூட வேணாம்னு அக்கா சொன்னாங்க."

"அடிக்கும்போதே வலிச்சிருக்குமே, சொல்லலையா?"

"ரப்பர் பேண்டால சுண்டுற மாதிரி இருக்கும், பொறுத்துக்கணும்னு சொன்னாங்க. பொறுத்துக்கிட்டேன்."

ரப்பர் பேண்ட் என் வசனம். ஊர் ஊராக நான் சொல்வது.

மெஷினை ஆன் செய்தேன். திரை வெளிச்சமானதும் அதில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. துடைக்கப் போனேன். ஸ்டிக்கர் பொட்டு. லேசரின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கோட்டின் மேல், இருபத்திரண்டு என்ற எண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"நீங்க வச்சுட்டுப் போன எடம்ணே. வெரலு பட்டு நகந்துருச்சுன்னா மறந்துருவேன்னு பொட்ட ஒட்டி வச்சேன்."

மெஷின் மாட்டிய அன்று நடந்தது எல்லாமே நினைவுக்கு வந்தது. அந்த ஒரே நாளில் அது எனக்கு மூன்றாவது டெமோ. என் கைக்கு ஏற்றபடி இருபத்திரண்டில் வைத்து அடித்துக் காட்டினேன். நாங்கள் சௌராஷ்டிரர்கள், எங்கள் வீட்டில் எல்லோருமே நல்ல சிவப்பு. எத்தனை வெயிலில் அலைந்தாலும் கறுக்காத தோல் எனக்கு. கிளம்பும்போது தமிழ்வாணி, "எந்த நம்பருலண்ணே வைக்கணும்?" என்று கேட்டாள். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில், "இதே இருக்கட்டும், மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

மாற்றத்தான் வேண்டும். தோல் கறுக்கக் கறுக்க எண்ணைக் குறைக்க வேண்டும். பவதாரிணியின் நிறத்துக்குப் பன்னிரண்டே அதிகம். முதலில் ஓர் இடத்தில் மட்டும் அடித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது, இங்கிலீஷில். எந்த நிறத்துக்கு எந்த எண் என்ற அட்டவணையில் ஆறு முகம் போட்டிருப்பார்கள்; நாலு முகம் வெள்ளைக்காரர்களுடையது. நம்மூர் முகம் கடைசியில் ஓரமாக இருக்கும். அதை விரித்துக் காட்ட மறந்துவிட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் நன்றாக இருக்கும். மறக்கவில்லை. சோம்பல்பட்டேன்.

மெஷினுக்குள் இருக்கும் பதிவைத் திறந்தேன். முதல் நாலு அடி இருபத்திரண்டில், அது என் கை. அடுத்த முப்பத்தொரு அடியும் இருபத்திரண்டில்தான். அது அந்தப் பெண்ணின் தாடை. அதற்கு ஒரு வாரம் கழித்து இன்னும் மூன்று அடி பதிவாகியிருந்தது.

"இந்த மூணு யாருக்கும்மா?"

தமிழ்வாணி இடது கைச் சட்டையை முழங்கைவரை ஏற்றிக் காட்டினாள். மூன்று கறுப்புச் சதுரம்.

"எனக்குத்தாண்ணே. இந்தப் பிள்ளைக்கு ஏன் இப்பிடி ஆச்சுன்னு புரியல. நீங்க உங்க கையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்களே. அதே நம்பரு, அதே ஜெல்லு. சரி, நம்ம கையிலயே அடிச்சுப் பாத்துருவோம்னு அடிச்சேன். எனக்கும் வெந்துருச்சு. உங்களுக்கு மட்டும் ஏண்ணே வேகல?"

சண்டை போடுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன். எட்டு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். அவளுக்கும் விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

ரிப்போர்ட் தாளை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: மெஷின் கோளாறு, ஆபரேட்டர் தவறு, மற்றவை. கூடவே தமிழ்வாணி மெஷின் மாட்டிய அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட பயிற்சித் தாளின் நகல். நாலு மணி நேரம் பயிற்சி பெற்றேன் என்று அதில் இருக்கிறது. நான் கொடுத்தது நாற்பது நிமிடம். எங்கள் வழக்கம் அப்படி. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கையெழுத்தை வாங்கிவிடுவோம். வெங்கட்ரமணன் கையில் அந்த நகல் இருக்கிறவரை பழி அவள் தலையில்தான்.

பேனா ஆபரேட்டர் கட்டத்துக்கு மேலேயே நின்றது. ஒரு டிக் போட்டால் போதும். அவள் கடையை இழுத்து மூடுவாள், நான் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன், நாளைக்கு வேறொரு ஊரில் கையை மடக்குவேன்.

"எங்கண்ணே கையெழுத்து?" என்று தமிழ்வாணி பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளில் ஒன்றும் எழுதாமலே இருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து அடியில் கோடு போட்டிருந்த இடத்தைத் தேடிப் பேனாவை வைத்துவிட்டாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். தாளை அழுத்திப் பிடித்திருந்த இடது கையின் சதுரம் ஒன்றில் என் விரல் உரசி அவள் ஸ்ஸ் என்றாள்.

"என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போடும்மா."

"இங்கிலீஷுல்ல இருக்கு. நீங்களே எழுதி, நீங்களே சொல்லுங்க."

எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். எழுதி முடித்ததும் தமிழில் சொன்னேன். விற்க வந்த ஆள் தன் தோலுக்கு வைத்த அளவை மாற்றாமல் விட்டுப் போனார். மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார். பயிற்சி நாற்பது நிமிடம்தான். தோலின் நிறத்தைப் பார்த்து எண்ணைக் குறைக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படிக்கு, ஹரிராம்.

தமிழ்வாணி உட்கார்ந்துவிட்டாள். நன்றி சொல்வாள் என்று எனக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்தது.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரல் நடுங்கியது. "ஒரு வார்த்தைண்ணே. கறுப்பா இருந்தா கொறச்சு வைன்னு. அதுக்கு எம்புட்டு நேரம் ஆயிரும்?"

"தப்புத்தாம்மா. இந்தத் தாளைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க. எங்க ஆபீஸ்ல தாள் மாறிப் போகும். போலீஸ்லயும் இதையே காட்டுங்க, நானும் வாரேன்."

அவள் போட்டோ எடுத்தாள். இரண்டு முறை எடுத்தாள், எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். இனிமேல் என்னை நம்ப மாட்டாள். அதுதான் அவளுக்கும் நல்லது. பிறகு நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது பவதாரிணி கூப்பிட்டாள்.

"சார், இது போயிருமா?"

"போகும்மா. ஒரு வருஷம் ஆகலாம். வெயில் படாமப் பாத்துக்கணும். நாளைக்கே தோல் டாக்டர்கிட்ட போகணும், நானே கூட்டிட்டுப் போறேன்."

தலையாட்டினாள். மாஸ்க்கைக் காதில் மாட்டப் போனவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முடியாச்சும் திரும்ப வராதுல்ல?"

ஆறு தடவை அடித்தால் ஜென்மத்துக்கும் வராது என்பதுதான் நான் தமிழ்வாணியிடம் சொல்லி விற்றது. அது முடியாத காரியம் என்று எனக்குத் தெரியும். தாடையில் இப்படி வளரும் முடிக்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிறது. லேசர் மேலே மட்டும்தான் அடிக்கும். சட்டைப் பையில் போன் அடித்தது. வெங்கட்ரமணன்தான். எடுக்கவில்லை.

"வரும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. இரண்டு காதிலும் மாஸ்க்கை மாட்டி, மூக்கின் மேல் அழுத்திச் சரிசெய்தாள். ஜவுளிக்கடைக்கு நேரமாகிவிட்டது என்று தமிழ்வாணியிடம் சொல்லிவிட்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனாள்.