நிற்காத பெடல்

போர்ட் பிளேரில் ஒருவனுக்குச் சைக்கிள் இருக்கிறது என்றால், பாதி நாள் அவன் அதைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறுகிறான் என்று அர்த்தம். மீதிப் பாதியில் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து முன்னால் நீட்டிக்கொண்டு, சட்டை காற்றில் உப்ப, மகாராஜா மாதிரிப் பள்ளத்தில் இறங்குவான். அந்தச் சுகத்துக்காகத்தான் அந்த ஊர் ஆம்பிளைகள் சைக்கிள் வாங்கினார்கள். வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஃபீனிக்ஸ் பேயில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த சிவஞானமும் கால் நீட்டுகிற ரகம்தான். ஆனால் அறுபத்தைந்தாம் வருஷம் அவன் சைக்கிள் தேடி அலைந்தது தனக்காக இல்லை, பெண்டாட்டி அலமுவுக்காக. அலமு ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ஒரு நாள் லேடி டாக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: ஊருக்குள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஓட்டிக் காட்டினால் அலமுவுக்கு அந்த வேலை. இல்லாவிட்டால் மாயாபந்தர் டிஸ்பென்சரிக்கு மாற்றல்.

மாயாபந்தர் என்றால் கப்பல் ஏறிப் போக வேண்டிய வடக்கு. அவள் அங்கே, அவன் இங்கே. கல்யாணம் முடிந்த கையோடு மதராஸில் கப்பல் ஏறி, ஒரே வாளியில் மாறி மாறி வாந்தி எடுத்துக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த ஜோடி அது. வந்த பிறகு ஒரு நாள் பிரிந்து இருந்ததில்லை. சிவஞானத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற சைக்கிளுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். கடைசியில் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீன் பாய்தான் கை கொடுத்தார். கப்பல்காரர்கள் கழித்துவிட்டுப் போகிற சாமான்கள் அவர் கடையில் கிடைக்கும். கயிறு, லாந்தர், ஓட்டைத் தொலைநோக்கி, எல்லாவற்றுக்கும் நடுவே கூரையில் கொக்கி போட்டு ஒரு சைக்கிள் தொங்கியது.

"வெளிநாட்டுக் கப்பல் கேப்டனோட சம்சாரம் ஓட்டினது தங்கச்சி. நடுவுல கம்பி கிடையாது, சேலை கட்டிக்கிட்டு ஏறலாம். அசல் எஃகு!" என்று பாய் இறக்கி வைத்தார்.

அலமு அதைச் சுற்றி வந்தாள். கரும்பச்சை நிறம். குழாயெல்லாம் விரல் தடிமனுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நகத்தால் சுண்டினாள், வெண்கலக் கும்பாவைச் சுண்டியது போலக் கணீரென்றது. பிறகு ஒற்றைக் கையால் தூக்கினாள், தூக்க வந்தது! ஊரில் ஓடிய சைக்கிள்களைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"இது எனக்கு வேணும்" என்றாள். கல்யாணத்தின்போது கூட அவள் இத்தனை தெளிவாக எதையும் கேட்டதில்லை என்று சிவஞானத்துக்குத் தோன்றியது. வாங்கிவிட்டான்.

வாங்கியவன் சும்மா இருந்தானா? நான்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பேன் என்று பஜாரிலிருந்து ஃபீனிக்ஸ் பே இறக்கத்தில் விட்டான். வழக்கம் போல இரண்டு காலையும் எடுத்து முன்னால் நீட்டினான். கீழே பார்த்தால், அடப்பாவி, பெடல்கள் இரண்டும் மின்விசிறி மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன! பதறிப் போய்க் காலை வைத்தான். பெடல் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஒரு போடு போட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மேல் போய் விழுந்தான்.

"க்யா பாய், பிரேக் நஹீ ஹை க்யா?" என்று அவர்களில் ஒருவர் டீயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

பிரேக் இருந்தது, முன்சக்கரத்துக்கு ஒன்று. இல்லாதது ஃப்ரீவீல். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடலை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும். அது அப்படிச் செய்த வண்டி. சிவஞானம் நொண்டிக்கொண்டே பாய் கடைக்குத் திரும்பி, வண்டி கோளாறு என்று கத்தினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

"கோபப்படாதீங்க. மதராஸுக்குச் சொல்லி ஒரு ஃப்ரீவீல் வரவழைச்சுத் தாரேன். அடுத்த கப்பல்ல இல்லாட்டா அதுக்கு அடுத்த கப்பல்ல" என்றார் பாய்.

அதுவரைக்கும் வண்டி சும்மா நிற்க வேண்டாமே என்று அலமு மரீனா ரோட்டில் கடலோரமாகப் பழக ஆரம்பித்தாள். விடியற்காலையில் சிவஞானம் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவான். விழுந்தாள், முழங்கை தேய்ந்தது, ஒரு தரம் தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டாள். ஆனால் ஊர் ஆம்பிளைகளுக்கு இல்லாத ஒரு பாக்கியம் அவளுக்கு இருந்தது. இதற்கு முன் சைக்கிளே ஏறாதவள், அவளுக்குக் கால் நீட்டுகிற பழக்கமே கிடையாது. பெடல் சுற்றுகிறதா, சரி, காலும் சுற்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் அவன் பிடியை விட்டதே தெரியாமல் போய்விட்டாள். சிவஞானம் நடுரோட்டில் இளைத்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சேலையும் கரும்பச்சை வண்டியுமாக அவள் போய்க்கொண்டே இருந்தாள். சங்கிலிச் சத்தம் கூட இல்லை. வளைவில் பிரேக்கைத் தொடவே இல்லை, கால் கொஞ்சம் மெதுவானது, வண்டியும் மெதுவாகித் திரும்பியது. எம்மா, என்ன அழகு! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே மீன்வலை நூலை வாங்கி, சேலை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலை பின்னிக் கட்டினான்.

அதைவிடப் பெரிய வேடிக்கை மேட்டில்தான். ஆம்பிளைகள் இறங்கித் தள்ளுகிற மேட்டில் அவள் உட்கார்ந்தபடியே ஏறினாள்.

"எப்படிட்டி ஏறுதே?" என்று கேட்டான் சிவஞானம்.

"நான் எங்க ஏறுதேன்? ஒரு காலை அமுக்கினா மத்தக் காலை அதுவே தூக்கிக் குடுக்கு. இறக்கத்துல பின்னாடி லேசா அமுக்கினாப் போதும், நாய்க்குட்டி மாதிரி சொன்ன பேச்சைக் கேக்கு. அந்த ஃப்ரீவீலு வேண்டாம்னு பாய்கிட்ட சொல்லிருங்க."

சிவஞானம் தலையை ஆட்டினான். ஆனால் சொல்லவில்லை. பொம்பிளை, வீண் செலவு எதற்கென்று பார்க்கிறாள், வலிக்கிற காலை வலிக்கவில்லை என்கிறாள், அப்படித்தான் அவன் புத்திக்குப் பட்டது. பள்ளத்தில் கால் நீட்டுவதைவிடப் பெரிய சுகம் சைக்கிளில் உண்டென்று அந்த ஊரில் யாராவது சொன்னால் அவன் எப்படி நம்புவான்?

ஃப்ரீவீல் கப்பலில் வந்து சேர்ந்தது. லேடி டாக்டர் நாள் குறித்த அதே வாரம். குறித்த நாள் காலையில் அலமு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபீனிக்ஸ் பே இறக்கம் வழியாக ஹாடோவுக்குப் போய், லத்தீபா என்ற பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். டாக்டர் ஜீப்பில் பின்னாலேயே வந்து பார்ப்பார். வண்டிக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்று சொல்லி, முந்தின நாள் சிவஞானம் அவளை நடந்தே வேலைக்கு அனுப்பினான்.

பின்சக்கரத்தின் நடுவே இரண்டு பக்கமும் மரை இருந்தது. ஒரு பக்கம் பழைய பல்சக்கரம், மறு பக்கம் வெறுமை. வெறும் பக்கத்தில் ஃப்ரீவீலை முறுக்கி ஏற்றினான். சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, சங்கிலியை ஃப்ரீவீல் மேல் மாட்டினான். இப்போது பெடலைப் பிடித்து நிறுத்தினாலும் சக்கரம் கிர்ரென்று தானாகச் சுற்றியது. அலமுவிடம் மூச்சு விடவில்லை. நாளைக்கு இறக்கத்தில் கால் அசையாமல் மிதந்து போவாள், என் வீட்டுக்காரர் செய்தது என்று டாக்டரிடம் சொல்லுவாள். இந்த நினைப்பிலேயே சிரித்துக்கொண்டு, விடிந்ததும் அவள் கிளம்புவதற்கு முன்னாலேயே பட்டறைக்குப் போய்விட்டான்.

பட்டறையில் பெட்டியைத் திறந்தால் ஸ்பேனரைக் காணோம். அவன் தினம் கையில் வைத்திருக்கிற ஸ்பேனர். பக்கத்து மேஜை ஜம்புலிங்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லாம எடுக்காதேன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?"

"உன் ஸ்பேனரை நான் என்ன சாம்பார் வைக்கவா எடுக்கிறேன்? போய் வீட்டில தேடுய்யா" என்றான் ஜம்புலிங்கம்.

அப்போதுதான் மழை பிடித்தது. அந்தத் தீவு மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, வானத்தைத் திறந்து கொட்டிவிடும். பட்டறை வாசலில் நின்று பார்த்தால் பஜாரிலிருந்து வருகிற இறக்கம் முழுக்கத் தெரியும். சிவஞானம் போய் நின்றான். அலமு வருகிற நேரம்.

முதலில் வந்தது அலமு இல்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் உதயசூரியன், மருந்துப் பெட்டியோடு, காலை நீட்டிக்கொண்டு வந்தார். பாதி இறக்கத்தில் நீட்டிய கால் மடங்கியது. இரண்டு கையாலும் பிரேக்கை நெரித்தார். நனைந்த இரும்பு வளையத்தில் நனைந்த ரப்பர் கட்டை என்ன பிடிக்கும்? "ஹட் ஜாவ்! ஹட் ஜாவ்!" என்று வழி விடச் சொல்லி அலறிக்கொண்டே வந்து, பட்டறைக்கு எதிரே குவித்திருந்த கப்பல் கயிற்றில் மோதி அப்படியே உள்ளே புதைந்தார்.

சிவஞானமும் ஜம்புலிங்கமும் ஓடிப் போய்த் தூக்கினார்கள். அடி பலமில்லை.

"பிரேக்கே பிடிக்கலை சிவஞானம். எனக்குப் பின்னாலதான் உங்க வீட்டம்மா வர்றாங்க. இந்த மழையில..." என்று உதயசூரியன் மூச்சு வாங்கினார்.

சிவஞானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவளுக்குப் பிரேக்கே தேவைப்படவில்லை, அவள் கால்தான் பிரேக். அந்தக் காலைத்தான் அவன் நேற்றுச் சாயங்காலம் எண்ணெய் போடுகிற சாக்கில் பிடுங்கிப் போட்டுவிட்டான். பின்னால் அமுக்குவாள், வெறுமே சுற்றும். முன் பிரேக்கைப் பிடிப்பாள், வழுக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, இது எமன் அல்லவா! மாயாபந்தராவது மண்ணாவது, அவள் உயிரோடு இருந்தால் வடதுருவத்துக்கே மாற்றல் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டே இறக்கத்தில் எதிர்த்து ஓடினான்.

வளைவில் அவள் வந்தாள். மழைத் திரைக்குள் வெள்ளைச் சேலை.

"அலமு! குதிச்சிரு! புல்லுல சாஞ்சிரு அலமு!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றான். விழுந்தால் தன் மேல் விழட்டும் என்றுதான்.

"ஏன் நடுரோட்டுல நிக்கிய? ஓரமாப் போங்க!" என்று குரல் வந்தது.

அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தான். அத்தனை இறக்கத்திலும் பெடல் சுற்றிக்கொண்டிருந்தது. நிதானமாக, அம்மி அரைக்கிற நிதானத்தில், ஒரு சுற்று, அடுத்த சுற்று. பிரேக்கில் அவள் விரல் இல்லை. மழை அடித்துக் கண்ணை மறைக்க, தண்ணீர் ரோட்டில் ஆறாக ஓட, அவள் அந்த வண்டியை வீட்டு முற்றத்தில் நடத்துவது போல இறக்கிக்கொண்டு வந்தாள். அவனுக்கு முன்னால் வந்ததும் வண்டி ஏறக்குறைய நின்றது, காலைத் தரையில் ஊன்றவில்லை, அப்படியே ஒதுங்கி அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சேலைத் தலைப்பிலிருந்து நாலு துளி அவன் முகத்தில் தெறித்தது.

சிவஞானம் கையை இறக்க மறந்து நின்றான். பின்னாலேயே ஜீப் உறுமிக்கொண்டு வந்து நின்றது. லேடி டாக்டர், கேரளத்துக்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என் டிரைவருக்கே இந்த இறக்கத்தில் பயமாயிட்டு. அவள் போறதைக் கண்டீங்களா?" என்றார். "மாயாபந்தருக்கு வேற யாரையெங்கிலும்தான் நோக்கணும். நீங்க கொஞ்சம் மாறி நில்லுங்க, எனக்கு அவளை எட்டிப் பிடிக்கணும்."

ஜீப் போயிற்று. சிவஞானம் அந்த மழையிலேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதான். ஜம்புலிங்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அலமு தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிள் சுவரோரம் நின்றது. குனிந்து பார்த்தான். சங்கிலி பழைய பல்சக்கரத்தில் இருந்தது. புது ஃப்ரீவீல் மறு பக்கத்தில் வேலையில்லாமல் பளபளத்தது.

"காலைல வாசல்ல ஏறினதும் பின்னாடி லேசா அமுக்கினேன். கால் பொத்துன்னு போச்சு. யார் வேலைன்னு கேக்கணுமா?" என்றாள். "நீங்க பஞ்சர் ஒட்டக் கழட்டும்போதெல்லாம் பக்கத்துல நின்னு லைட்டு பிடிச்சவ நான்தானே. சக்கரத்தைத் திருப்பிப் போட்டுட்டேன்."

"நல்லதுன்னு நினைச்சுத்தான் அலமு..."

"தெரியும். நல்லதுன்னு நினைச்சீங்கன்னுதான் இன்னும் சண்டை போடல."

அவன் நனைந்திருந்த அவளுடைய பேறுகாலப் பையை உலர்த்தலாம் என்று திறந்தான். கத்தரி, நூல், பஞ்சு, டெட்டால் பாட்டில். அவற்றுக்கு நடுவில் சுத்தமான துணியில் சுற்றி அவனுடைய ஸ்பேனர் இருந்தது. சைக்கிளுக்கு அடியிலேயே அவன் மறந்துவிட்டுப் போனது. பாவம், ஜம்புலிங்கம்.

எடுக்கப் போனவன் கையை அலமு தட்டிவிட்டாள்.

"அது அங்கேயே இருக்கட்டும். எம்மேல பிரியமா இருக்கவங்க எப்ப என்ன நல்லது செய்வாங்கன்னு தெரியாதுல்லா."

மறுநாள் சிவஞானம் பட்டறைக்கு வேறு ஸ்பேனர் வாங்கிக்கொண்டு போனான்.